குவெஸ்ட்ல ஆழம் இல்லன்னு ஏன் தோணுது? குவெஸ்ட் டெஸ்ட் பண்ண ஒருத்தனோட பதில்

நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தைல சொல்லிப் பாக்கறேன், சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாத்துக்கோங்க. ஸ்கைரிம் ரெண்டு தடவ முடிச்சாச்சு, விட்சர் 3 முடிச்சாச்சு, டிராகன் ஏஜ் இன்க்விசிஷன் பாதியில விட்டாச்சு, இப்ப எல்டன் ரிங் ஆரம்பிச்சிருக்கீங்க. எல்லாமே பெரிய உலகத்துல இஷ்டத்துக்குச் சுத்தற ஓப்பன் வேர்ல்ட் கேம், உள்ள வர்ற ஆளுங்க குடுக்கற வேலைக்குத்தான் குவெஸ்ட்னு பேர். "எங்க போனாலும் போ, கொல்லு, எடுத்துட்டு வா, இவ்ளோதானா? இந்த மாதிரி ஓப்பன் வேர்ல்ட் கேம்ல குவெஸ்ட்டுக்கு ஆழமே கிடையாதா, இல்ல எனக்குத்தான் சலிச்சுப்போச்சா?"ன்னு கேட்டிருக்கீங்க. ஆனா எனக்கு மனசுல நின்னது நீங்க கடைசியா போட்டிருந்த வரிதான், "ஆல்டுவினையே கொன்னுட்டு வந்தேன், ஊர் அப்படியே இருக்கு"ன்னு (ஆல்டுவின்ன்றது ஸ்கைரிமோட முக்கிய வில்லன், ஒரு டிராகன்). உங்க உண்மையான குறை அதுதான்னு தோணுது. வேலை ஒரே மாதிரி இருக்குன்றதை விட, செஞ்ச வேலைக்கு அந்த உலகத்துல ஒரு தடமும் இல்லயேன்றது. இது ரெண்டும் வேற வேற கேள்வி, முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னா உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது, அதனால ரெண்டாவதுக்குத்தான் இங்க பதில் சொல்லப்போறேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பத்தான் நான் சொல்றதுல எத எவ்ளோ நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். பெங்களூர்ல ஒரு ஸ்டூடியோல நாலு வருஷம் டெஸ்டரா இருந்தேன், அதுல முக்காவாசி நேரம் குவெஸ்ட் டெஸ்டிங்தான். அதாவது ஒரு குவெஸ்ட்டை எழுதினவங்க நினைச்ச வழியில இல்லாம மத்த எல்லா வழியிலயும் விளையாடிப் பாத்து எங்க உடையுதுன்னு கண்டுபிடிக்கறது. அதுக்கு முன்னாடியும் பின்னாடியுமா சேத்து ஒம்பது வருஷமா ஸ்கைரிமுக்கு மாட் பண்றேன், அதாவது அந்த கேம்ல நானா புதுசா சேத்து வெளியிடறது, இப்பவும் பண்ணிட்டிருக்கேன். கதை எழுதற டீம்ல நான் உக்காந்தது கிடையாது. அதனால ஒரு குவெஸ்ட் எப்படி வேலை செய்யுது, எங்க உடையுதுன்றதைப் பத்தி நான் சொன்னா நம்பலாம். ஒரு ஸ்டூடியோ ஏன் அப்படி முடிவெடுத்துச்சுன்னு நான் சொன்னா அது என் ஊகம், அப்படியே எடுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், போ, கொல்லு, எடுத்துட்டு வான்றது பிரச்சனையே இல்ல. ஒரு கேம்ல கைக்குக் குடுக்கக்கூடிய வேலை ரொம்ப கம்மி, நடக்கலாம், அடிக்கலாம், எடுக்கலாம், குடுக்கலாம், பேசலாம், ஒளியலாம், அவ்ளோதான். நல்ல குவெஸ்ட்டும் மோசமான குவெஸ்ட்டும் இதே ஆறு ஏழு வேலைய வச்சுதான் கட்டறாங்க. இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் 2017ல வந்த செல்டா ப்ரெத் ஆஃப் தி வைல்ட்ல வர்ற டாரி டவுன். ஹட்சன்னு ஒரு தச்சர் ஆள் இல்லாத ஒரு மேட்டுல போய் ஊர் கட்டப் போறேன்னு நிப்பார். உங்ககிட்ட என்ன கேப்பார் தெரியுமா, விறகுக்கட்டு. முதல்ல 10, அப்புறம் 20, அப்புறம் 30, அப்புறம் 50. நடுநடுவுல ஒவ்வொரு இனத்துலேர்ந்தும் ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்கம்பார், பேர் "சன்"னு முடியற ஆளா இருக்கணும், அது அவங்க கம்பெனி விதி. காகிதத்துல எழுதிப் பாத்தா இதைவிட மட்டமான குவெஸ்ட் கிடையாது, மரம் வெட்டிப் போடு, ஆளைத் தேடு, திரும்ப மரம் வெட்டு. ஆனா அந்த கேம் விளையாடினவங்கள்ல நிறையப் பேருக்கு மறக்காம இருக்கறது இந்தக் குவெஸ்ட்தான், ஏன்னா ஒவ்வொரு தடவ போறப்பவும் அந்த மேட்டுல ஒரு வீடு கூடியிருக்கும், நீங்க கூட்டிட்டு வந்த ஆள் கடை போட்டிருப்பார், கூட ரெண்டு வரி இசை சேர்ந்திருக்கும், கடைசில அங்கேயே ஒரு கல்யாணம் நடக்கும், நீங்க கூட்டிட்டு வந்த ரோண்ட்சன்தான் பொண்ணு. விறகு வெட்டின கைக்கு ஒரு ஊர் கிடைச்சிருக்கு. ஆழம்ன்றது செய்யற வேலைல இல்ல, செஞ்சது எங்க போய்ச் சேருதுன்றதுல இருக்கு, இதை நான் உறுதியா சொல்வேன்.

சரி, அப்படின்னா எல்லா கேம்லயும் இப்படிப் பண்ணலாமே, ஏன் பண்றதில்லன்னு கேப்பீங்க. இங்கதான் ஓப்பன் வேர்ல்ட்ன்ற வாக்குறுதியே குறுக்க நிக்குது. "எங்க வேணா போ, எப்ப வேணா போ, யார்கிட்ட வேணா பேசு"ன்னு சொல்லித்தான் இந்த கேமை விக்கறாங்க. அப்ப ஒரு குவெஸ்ட் எழுதறவருக்கு அதோட அர்த்தம் என்னன்னா, இந்தக் குவெஸ்ட்டை விளையாடறவன் லெவல் 3ல வருவானா 40ல வருவானா தெரியாது, ராஜா உயிரோட இருக்கறப்ப வருவானா செத்தப்புறம் வருவானா தெரியாது, பாதியில விட்டுட்டுப் போய் நூறு மணிநேரம் கழிச்சு வருவானா தெரியாது. தெரியாத ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில் எழுதி வைக்கணும், இல்லன்னா அந்தக் கேள்வியே வராத மாதிரி குவெஸ்ட்டைச் சுத்தி சுவர் எழுப்பிடணும். எழுதறவங்க சோம்பேறின்னு எல்லாரும் ஈஸியா சொல்லிடறாங்க, எனக்கு அதுல கோபமே வரும். நான் பாத்த வரைக்கும் ராத்திரி பகல் பாக்காம உழைக்கறவங்க அவங்க, ஆனா சுவர் எழுப்பறதைத் தவிர அவங்களுக்கு வேற வழி இருக்காது.

இதைக் கிட்டக்க காட்டணும்னா நான் பண்ண ஒரு மாட் பத்திச் சொல்லணும். மாட் பண்றதுக்கான ஸ்கைரிமோட கிரியேஷன் கிட் சாஃப்ட்வேர்ல ஒரு குவெஸ்ட்டைத் திறந்தீங்கன்னா உள்ள கதை எதுவும் இருக்காது, குவெஸ்ட் எந்தக் கட்டத்துல இருக்குன்னு காட்டற நம்பர்தான் இருக்கும். ஸ்டேஜ் 10, ஸ்டேஜ் 20, ஸ்டேஜ் 30ன்னு பத்து பத்தா விட்டு எழுதுவோம், நடுவுல ஏதாவது சொருகணும்னா இடம் வேணும்ல, அதுக்காக. ஒரு கதாபாத்திரம் ஒரு வசனம் பேசணுமா வேணாமான்னு முடிவு பண்றது "இப்ப எந்த ஸ்டேஜ்ல இருக்கு"ன்ற மாதிரி நிபந்தனைங்கதான். உலகம் உங்களை ஞாபகம் வச்சுக்கறதுன்னா அந்த இடத்துல யாரோ ஒருத்தர் ஒரு நிபந்தனை எழுதி அதுக்குக் கீழ ஒரு வசனமும் எழுதி வச்சிருக்காருன்னு அர்த்தம். தானா எதுவும் ஞாபகம் இருக்காது.

நான் பண்ண குவெஸ்ட் ரொம்பச் சின்னது. ரிவர்வுட்ன்ற கிராமத்துல ஒரு பாட்டி, அவங்க பையன் பேரரசை எதிர்த்துச் சண்டை போடற ஸ்டார்ம்க்ளோக் படைல சேந்து போயிட்டான், அவனுக்கு ஒரு லெட்டர் குடுக்கணும், அவ்ளோதான். ரெண்டு நாள் வேலைன்னு நினைச்சு உக்காந்தேன். அப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. உள்நாட்டுப் போர் இன்னும் ஆரம்பிக்கலையா, நடந்துட்டிருக்கா, ஹை ஹ்ரோத்கர் மடத்துல சமாதானம் பேசி நிறுத்தி வச்சிருக்கா, பேரரசோட இம்பீரியல் படை ஜெயிச்சாச்சா, ஸ்டார்ம்க்ளோக் ஜெயிச்சாச்சா, இது அஞ்சு நிலைமை. லெட்டர் கொண்டு போறவன் இம்பீரியல் ஆளா, ஸ்டார்ம்க்ளோக் ஆளா, எதுலயும் சேராதவனா, இது மூணு. பையன் உயிரோட இருக்கானா செத்துட்டானா, இது ரெண்டு. பெருக்கிப் பாத்தா 30. நடக்கவே வாய்ப்பில்லாததெல்லாம் கழிச்சேன், அந்தப் போர் விளையாடறவன் கலந்துக்காம முடியவே முடியாது, எந்தப் பக்கம் சேந்தானோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும், அப்படியெல்லாம் கழிச்சும் 16 மிஞ்சிச்சு. ஒரு லெட்டருக்கு 16 விதமா அந்தப் பாட்டி பேசணும். இம்பீரியல் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வந்து நிக்கறவன்கிட்ட அவங்க எப்படிங்க லெட்டரைக் குடுப்பாங்க? குடுக்க மாட்டாங்க. அப்ப அவன் இந்தக் குவெஸ்ட்டை எப்படி ஆரம்பிப்பான்?

நான் 16ஐயும் எழுதினேன், எழுத மூணு மாசம் ஆச்சு. அதுல வாய்ஸ் கிடையாது, வெறும் எழுத்துதான், ஸ்கைரிம்ல வாய்ஸ் ஃபைல் இல்லாத வசனம் கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்ன்றதால சத்தமே இல்லாத ஆடியோ ஃபைலை வச்சு நிறுத்திப் பிடிக்கணும், அந்த வேலை வேற. வெளியிட்ட ரெண்டாவது வாரமே ஒரு புகார் வந்துச்சு, குவெஸ்ட் ஸ்டேஜ் 20லயே நிக்குது, நகரவே மாட்டேங்குதுன்னு. சேவ் ஃபைலை வாங்கித் திறந்து பாத்தா பாட்டி செத்துக் கெடந்தாங்க. டான்கார்ட்ன்ற கூடுதல் பகுதி (டிஎல்சி) போட்டிருந்தா ராத்திரில வேம்பயர் ஊருக்குள்ள வந்து தாக்கும், அதுல மாட்டிக்கிட்டாங்க. நான் பையன் சாவான்னு யோசிச்சிருந்தேன், லெட்டர் எழுதினவங்க செத்துடுவாங்கன்னு யோசிக்கல. அந்த ஒரு நிலைமைக்காக மறுபடி எல்லா வசனத்தையும் பாத்தேன்.

ஆனா அதே மாட்லேர்ந்து வந்த இன்னொரு மெசேஜை இன்னும் வச்சிருக்கேன். நான் அந்தப் பையனுக்குப் பேரே காட்டல, பக்கத்துல போய்ப் பாத்தா வெறும் ஸ்டார்ம்க்ளோக் சோல்ஜர்னுதான் வரும், இடத்தைக் காட்டற மார்க்கரும் வைக்கல, எந்த கேம்ப்ல இருக்கான்னு பாட்டி சொல்றதை வச்சுதான் தேடணும். அவன் சட்டைப்பைல அம்மாவுக்கு எழுதி அனுப்பாம வச்சிருந்த ஒரு லெட்டர் இருக்கும். ஒருத்தர் இம்பீரியலா விளையாடிட்டு எப்பவோ அந்த கேம்ப்பைச் சுத்தம் பண்ணியிருக்கார், பிணத்தைத் தடவிக் காசு எடுத்தப்ப அந்த லெட்டரும் பைக்குள்ள வந்திருக்கு, படிக்கவே இல்ல. போரெல்லாம் முடிஞ்சு யூனிஃபார்மைக் கழட்டிட்டு பல மணிநேரம் கழிச்சு ரிவர்வுட்ல பாட்டிகிட்ட பேசினப்புறம்தான் தன் பைக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. "லெட்டரை அவங்ககிட்ட குடுக்கறதா வேணாமான்னு பத்து நிமிஷம் அப்படியே நின்னேன்"னு எழுதியிருந்தார். இதுவும் எடுத்துட்டு வந்து குடு குவெஸ்ட்தாங்க.

ஒரு லெட்டருக்கே 16 நிலைமைன்னா நூத்துக்கணக்குல குவெஸ்ட் இருக்கற கேமுக்கு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு இன்னொண்ணைத் தொடாத மாதிரி பண்ணிடுவாங்க. அதனாலதான் விண்டர்ஹோல்ட் மந்திரக் காலேஜ்ல நீங்க ஆர்ச் மேஜ், அதாவது தலைவர் ஆனது ஊர்ல வேற எந்தக் கதையையும் அசைக்காது. அந்தக் காலேஜ்ல சேர வாசல்ல ஒரு மந்திரம், முதல் வகுப்புல ஒரு வார்ட் (தடுப்பு மந்திரம்), அப்புறம் அங்கங்க ஒண்ணு ரெண்டு எடம், மத்தபடி கோடாலிய வச்சுக்கிட்டே தலைமைப் பதவிக்கு வந்துடலாம். ஸ்கைரிம் வரிசைல 2002ல வந்த மோரோவிண்ட்ல அது நடக்காது, மந்திரவாதிங்க சங்கமான மேஜஸ் கில்ட்ல பதவி ஏறணும்னா மந்திரத் திறமை இவ்ளோ இருக்கணும்னு கணக்கு இருக்கும், இல்லன்னா எத்தனை வேலை செஞ்சாலும் அந்த இடத்துலயே நிக்கணும். ரெடோரன், ஹ்லாலு, டெல்வானின்னு மூணு பெரிய வம்சம் இருக்கும், ஒண்ணுல சேந்தா மத்த ரெண்டும் கிடையாது. மோரோவிண்ட்ல கதைக்கு முக்கியமான ஆளைக்கூட நீங்க கொன்னுடலாம், கொன்னா தீர்க்கதரிசனத்தோட இழை அறுந்துபோச்சு, பழைய சேவுக்குப் போ இல்லன்னா நீயே கெடுத்த இந்த உலகத்துல வாழுன்னு ஒரு எச்சரிக்கை வரும். 2006ல அடுத்த கேம் ஒப்ளிவியன் வந்தப்ப முக்கியமான ஆளை அடிச்சா மயங்கி விழுந்து கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு நிப்பாங்க. டெஸ்டரா நான் அந்த முடிவை மனசார ஏத்துக்கறேன், அது ஆயிரம் கோளாறை மூடிடும். விளையாடறவனா எனக்கு அதுல ஒரு இழப்பு இருக்கு, என் கைக்கு எட்டாததுன்னு ஒரு ஆள் அங்க நிக்கறப்ப அவர் மேல எனக்குக் கோபமோ பாசமோ வர்றதில்ல.

அதே 2006ல இன்னொண்ணும் மாறிச்சு, காம்பஸ்ல மார்க்கர் வந்துச்சு. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா குவெஸ்ட்டோட எலும்பையே மாத்தினது இதுதான்னு நினைக்கிறேன். மோரோவிண்ட்ல பால்மோரா ஊர்ல ஹாஸ்ஃபாட்னு ஒருத்தர், ஆர்க்ந்தாண்ட்ன்ற, ட்வெமர்னு மறைஞ்சுபோன ஒரு இனத்தோட பழைய இடிபாட்டுலேர்ந்து ஒரு பசில் பெட்டி கொண்டு வரச் சொல்வார். வழிய வாயால சொல்வார், கோட்டைப் பக்கம் போ, பழைய ட்வெமர் பாலம் வரும், அதைத் தாண்டு, கதவு தானா திறக்காது, பக்கத்துல இருக்கற குழாய்ல ஒரு கைப்பிடி இருக்கும் அதைத் திருப்புன்னு. நீங்க அதைப் படிச்சு, பாலத்தைத் தேடி, தப்பான பள்ளத்துல இறங்கி, திரும்பி ஏறி, கைப்பிடியத் திருப்பறப்ப அந்தப் பெரிய கதவு உருண்டு திறக்கும் பாருங்க, அங்க வந்து சேந்தது உங்க மூளை. உள்ள அந்தப் பெட்டி ஒரு கைக்கு அடக்கமா ஒரு ஓரத்து ரூம்ல அலமாரில இருக்கும், அதைப் பாக்காம அந்த இடிபாடு முழுக்க ரெண்டு மணிநேரம் சுத்தினவங்க எக்கச்சக்கம், அதுல நானும் ஒருத்தன். மார்க்கர் வச்சிருந்தா இது மூணு நிமிஷ வேலை. அந்த ரெண்டு மணிநேரம் எல்லாருக்கும் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன், வேலைக்குப் போயிட்டு வந்து ஒரு மணிநேரம் விளையாடறவங்களுக்கு அது தண்டனைதான், அவங்க மார்க்கர் கேக்கறது நியாயம். ஆனா மார்க்கர் வந்தப்புறம் வசனத்துல வழி சொல்ல வேண்டிய தேவையே போயிடுச்சு, தேவை போனதும் எழுதறதையும் நிறுத்திட்டாங்க, இப்ப நீங்களே மார்க்கரை ஆஃப் பண்ணிட்டு ஸ்கைரிம் விளையாடினீங்கன்னா பல குவெஸ்ட்ல எங்க போகணும்னு சொல்ல ஒரு ஆள்கூட இருக்க மாட்டாங்க. ஒப்ளிவியன்லேர்ந்து எல்லா வசனத்துக்கும் குரல் குடுத்ததும் இதுல சேரும், மோரோவிண்ட்ல பெரும்பாலும் எழுத்துதான், ஒருத்தர்கிட்ட பக்கம் பக்கமா படிக்கலாம். குரல்னு வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நடிகர், ஒரு ரெக்கார்டிங், கதைய மாத்தினா மறுபடி ரெக்கார்டிங். என் 16 நிலைமையும் எழுத்தா இருந்ததாலதான் முடிஞ்சுது.

ஸ்கைரிம்ல ரேடியன்ட்னு ஒரு வகை வருமே, கம்பேனியன்ஸ்ன்ற போர்வீரர் கூட்டத்துல ஏலா, ஃபார்காஸ் எல்லாம் முடியவே முடியாம வேலை குடுத்துட்டே இருப்பாங்க, அதைத்தான் நீங்க ரொம்பத் திட்டியிருந்தீங்க. அது உள்ள எப்படின்னா, குவெஸ்ட்ல சில காலி இடம் இருக்கும், அதுக்கு அலியாஸ்னு பேர். "ஒரு குகை, அதுல ஒரு தலைவன், முடிஞ்சா இன்னும் போகாத இடம்"னு நிபந்தனை போட்டு விட்டா கேமே பொருத்தமானதைத் தேடி அந்தக் காலி இடத்தை நிரப்பிக்கும். அதனால அந்தக் குகைக்கும் அந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது, இருக்கவும் முடியாது, எழுதினவருக்கே அது எந்தக் குகைன்னு தெரியாதே. இது புதுசும் இல்ல, இதே வரிசைல 1996ல வந்த டேகர்ஃபால்லயே அச்சு வச்சு வார்த்த மாதிரிதான் வேலை குடுப்பாங்க, ஆனா அதுல கெடு இருந்துச்சு, இத்தனை நாளுக்குள்ள முடிக்கலன்னா போச்சு. கெடு ஒண்ணு இருக்கறப்ப அதே அச்சு வேலைக்கும் ஒரு நெஞ்சு படபடப்பு வரும். ரேடியன்ட்டை ஒரு பொழுதுபோக்குன்னு எடுத்துக்கோங்க, அதை வச்சு ஸ்கைரிம் முழுக்க ஆழமில்லன்னு சொன்னா விண்ட்ஹெல்ம்ல ஒரு வீட்டுக்குள்ள எலும்பும் சதையும் பரப்பி வச்சுக்கிட்டு டார்க் பிரதர்ஹுட்ன்ற கொலைகாரக் கூட்டத்தைக் கூப்பிட்டுட்டு உக்காந்திருக்கற அந்த அனாதைப் பையன் அவென்டஸுக்கு அநியாயம் பண்றோம். அவனுக்காக ரிஃப்டன்ல அனாதை இல்லம் நடத்தற கிழவிய நீங்க கொன்னா, அப்புறம் எங்கயோ தூங்கி எந்திரிக்கறப்ப தெரியாத குடிசைல கண்ணு முழிப்பீங்க, எதிர்ல அந்தக் கூட்டத்தோட தலைவி ஆஸ்ட்ரிட், பக்கத்துல கட்டிப் போட்ட மூணு பேர். மூணு பேர்ல யாரைக் கொல்லணும்னு ஆஸ்ட்ரிட் உங்களையே முடிவு பண்ணச் சொல்வாங்க, நீங்க திரும்பி ஆஸ்ட்ரிட்டையே கொன்னுடலாம், அப்ப அந்தக் கூட்டத்தையே அழிக்கற வேற குவெஸ்ட் திறக்கும்.

இங்க ஒண்ணு கவனிச்சீங்களா, அந்தக் காட்சி நடக்கறது பூட்டின குடிசைக்குள்ள. இது எனக்குப் பல வருஷம் கழிச்சுதான் உறைச்சுது. ஓப்பன் வேர்ல்ட் கேம்ல ஆழமானதுன்னு எல்லாரும் சொல்ற குவெஸ்ட்ல பாதிக்கு மேல அந்தத் திறந்த உலகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைக்குது. ஒப்ளிவியன்ல ஸ்கின்க்ராட் ஊர்ல ஒரு மாளிகை, அஞ்சு விருந்தாளிங்க, உள்ள தங்கப் பெட்டி ஒளிச்சு வச்சிருக்குன்னு அவங்களை நம்ப வச்சு வரவழைச்சிருப்பாங்க, ஆறாவதா நீங்க உள்ள போவீங்க, கதவு பூட்டிக்கும். நீங்க ஒவ்வொருத்தரா முடிக்கணும். ஒருத்தர் செத்ததும் மிச்சம் இருக்கறவங்க பேச்சு மாறும், ஒருத்தர் மேல ஒருத்தருக்குச் சந்தேகம் வரும், நீங்க எண்ணெய் ஊத்தினா அவங்களே ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்குவாங்க, கொலைகாரன் யாருன்னு தெரியாம உங்ககிட்டயே வந்து பயமா இருக்குன்னு சொல்வாங்க. செய்யற வேலை என்னவோ "அஞ்சு பேரைக் கொல்லு"தான். ஆனா அஞ்சே பேர், ஒரே வீடு, வெளிய போக முடியாதுன்னதும் எழுதறவர் எண்ணக்கூடிய அளவுக்கு நிலைமை சுருங்கிடுச்சு, அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு வசனம் எழுத முடிஞ்சுது.

விட்சர் 3ல ப்ளடி பேரன் (Baron, அதாவது பிரபு) குவெஸ்ட் நீங்க முடிச்சிருக்கீங்க, அதனால கதைய மறைக்காம சொல்றேன், முடிக்காதவங்க இந்தப் பத்தியத் தாண்டிப் போயிடுங்க. வெலன்ல தன்னைப் பிரபுன்னு சொல்லிக்கற குடிகாரத் தளபதி, பொண்டாட்டி அன்னாவையும் பொண்ணு தமாராவையும் காணோம்னு உங்ககிட்ட வர்றான். தேடப் போனா அவன் அடிச்சதுல கர்ப்பம் கலைஞ்சதும் அந்தக் குழந்தைய முறையா அடக்கம் பண்ணாம புதைச்சதும் தெரிய வருது, அது இப்ப பேயா திரியுது. அதைக் கத்தியால வெட்டிடலாம், இல்லன்னா அந்தாளே கைல ஏந்திக்கிட்டு மழைல வீட்டு வாசல் வரைக்கும் நடந்து வந்து பேர் வச்சுப் புதைக்கணும். அந்த நடை இருக்கே, பக்கத்துல காவலுக்கு நடக்கறதுதான் உங்க வேலை, கேம்ல நூறு தடவ செஞ்ச வேலை, ஆனா அவன் கைல இருக்கறது என்னன்னு தெரிஞ்சு நடக்கறப்ப ஒவ்வொரு அடியும் கனக்கும். அப்புறம் ஒரு மரத்துக்கடில கட்டுண்ட ஆவி ஒண்ணு வரும். அதை விடுவிச்சா சதுப்புக் காட்டு அனாதைப் பசங்க பொழைப்பாங்க, ஒரு ஊர் அழியும், அன்னா சாவா, பேரன் தூக்குல தொங்குவான். அதைக் கொன்னா அன்னா பித்துப் பிடிச்சு உயிரோட இருப்பா, அவன் அவளைக் கூட்டிக்கிட்டு வைத்தியம் தேடி மலைக்குப் போவான், பசங்க இருக்க மாட்டாங்க. எது சரின்னு கேம் சொல்லாது. நீங்க ரொம்ப நாள் கழிச்சு அவனோட கோட்டை க்ரோஸ் பெர்ச்சுக்குத் திரும்பப் போனா ஒண்ணு அந்தாள் மரத்துல தொங்குவான், இல்ல ஆளே இருக்க மாட்டான், அவனோட ஆளுங்க அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டு அட்டூழியம் பண்ணிட்டிருப்பாங்க. நீங்க தேடற தடம் இதுதான். அதே கேம்லதான் ஸ்கெலிகே கடல்ல மிதக்கற கள்ளச் சரக்குப் பெட்டிங்களும் இருக்கு, படகுல போ, எடு, அடுத்ததுக்குப் போ, மேப் பூரா கேள்விக்குறி. ரெண்டையும் ஒரே ஸ்டூடியோதான் பண்ணிச்சு, அதனால திறமை இல்லாம இல்ல, மேப் பெருசா இருக்கணும்னா அதை நிரப்ப ஏதாவது வேணும்.

நிரப்பறதுன்னதும் இன்க்விசிஷன் ஞாபகம் வருது, நீங்க விட்டது ஆரம்பத்துல வர்ற ஹின்டர்லேண்ட்ஸ் பகுதிலன்னு சொல்லியிருந்தீங்க. 2014ல அது வந்தப்ப முதல்ல அந்த இடத்தை விட்டு வெளிய போங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம். எல்லா வேலையும் முடிச்சுட்டுத்தான் நகரணும்னு நினைக்கறவங்க அங்கேயே சோந்துடுவாங்க, நல்ல கதையெல்லாம் அதைத் தாண்டித்தான். மறுபடி திறந்தீங்கன்னா பாதியில விட்டுட்டு மெயின் குவெஸ்ட்டுக்குப் போயிடுங்க, ஒண்ணும் கெட்டுப்போகாது.

இதுவரைக்கும் சொன்னதுல பெரும்பாலும் எனக்குச் சந்தேகம் இல்ல. இனி சொல்றது என் அபிப்பிராயம். ஆன்லைன்ல பல பேர் சேந்து விளையாடற, 2004ல வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்தான் தலைக்கு மேல மஞ்சள் ஆச்சரியக்குறி, பத்து பன்னியக் கொல்லுன்ற பழக்கத்தைத் தனியா விளையாடற கேம் வரைக்கும் கொண்டு வந்து விட்டுச்சுன்னு நிறையப் பேர் அடிச்சுச் சொல்றாங்க. இருக்கலாம், எனக்கும் அப்படித் தோணுது, ஆனா டேகர்ஃபால் அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே வந்துடுச்சுன்றதால முழுப் பழியையும் அது மேல போட எனக்கு மனசு வரல. இன்னொண்ணு, உலகம் சின்னதா இருந்தா குவெஸ்ட் ஆழமாகும்னு சொல்றது. 2001ல ஜெர்மனிலேர்ந்து வந்த காதிக், சுத்தி மந்திரத் தடுப்பு போட்ட ஒரே ஒரு சுரங்கச் சிறைதான் அதோட உலகம், அத்தியாயம் மாற மாற அங்க இருக்கற ஆளுங்களும் மாறுவாங்க, அதை விளையாடினப்ப எனக்கு அது உண்மைன்னு பட்டுச்சு. ஆனா சின்ன உலகமா இருந்தும் சப்புன்னு இருக்கற கேம் எத்தனையோ இருக்கு, அதனால சின்னதா இருந்தா ஆழத்துக்கு வாய்ப்பு கூடும்னு மட்டும் சொல்வேன். உங்களுக்குச் சலிச்சுப்போச்சான்னு கேட்டீங்க, அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் தெரியும், டெஸ்டிங் வேலைல இருந்த நாலு வருஷமும் வீட்டுக்கு வந்து ஒரு கேமைக்கூடத் தொடத் தோணல எனக்கு, எல்லா ஆளும் ஸ்டேஜ் நம்பராத்தான் தெரிஞ்சாங்க. வேலைய விட்டு ஆறு மாசம் கழிச்சு மோரோவிண்ட்டை முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன், அப்ப திரும்ப வந்துச்சு. அதனால கொஞ்ச நாள் விட்டுப் பாக்கறதுல தப்பில்ல.

இப்ப நீங்க எல்டன் ரிங்ல ஆரம்பத்துல இருக்கீங்கன்றதால ஒண்ணு சொல்றேன். 2022 பிப்ரவரில அது வந்தப்ப குவெஸ்ட் லிஸ்ட்டே கிடையாது, இப்பவும் கிடையாது, அடுத்த மாசமே வந்த அப்டேட்ல நீங்க சந்திச்ச ஆளுங்க மேப்ல எங்க இருக்காங்கன்னு காட்டற மாதிரி மட்டும் பண்ணாங்க. அதனால பல பேர் அதுல குவெஸ்ட்டே இல்லன்னு நினைச்சுக்கறாங்க, இருக்கு, நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும். ஸ்டார்ம்ஹில் குடிசைல சிவப்பு முக்காடு போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்கும், ரோடரிக்கா. அவகிட்ட ஒரு தடவ பேசிட்டு ஓடிடாதீங்க, பேச்சு தீர்ற வரைக்கும் பேசுங்க, கூட வந்தவங்கெல்லாம் கோட்டைக்குள்ள போய்த் திரும்பலன்னு சொல்வா. அப்புறம் நீங்க ஸ்டார்ம்வெய்ல் கோட்டைக்குள்ள போறப்ப பிணம் குவிஞ்சு கெடக்கற ஒரு ரூம் வரும், அங்க அவங்களோட நினைவுப் பொருள் ஒண்ணு இருக்கும், எடுத்துட்டு வந்து குடுங்க. எடுத்துட்டு வந்து குடுக்கறதுதான், நீங்க சலிச்சுக்கிட்ட அதே வேலை. குடுத்தப்புறம் அவ ரவுண்ட்டேபிள் ஹோல்ட்ன்ற பாதுகாப்பான இடத்துக்கு வந்துடுவா, அங்க ஹ்யூக்னு ஒரு கொல்லர் சங்கிலில கட்டுண்டு சுத்தியல் தட்டிட்டிருப்பார். அவகிட்டயும் அவர்கிட்டயும் மாத்தி மாத்திப் பேசுங்க, அவளுக்கு உதவ முதல்ல அவர் முடியாதும்பார், விடாதீங்க. அவர் சம்மதிச்சதும் வெளிய ஒரு சுத்து போயிட்டு திரும்பி வந்து அவ எங்க உக்காந்திருக்கா, என்ன வேலை பண்றான்னு பாருங்க, பாத்துட்டு எனக்கு எழுதுங்க.